உரக்குவியலுக்குப் போகும் வழி

கிள்ளான்
15 செப்டம்பர் 2024

தங்கச்சி லோகேஸ்வரிக்கு, சின்னையா சொல்லச் சொல்ல மருமகள் மாதவி எழுதுவது.

போனை நீ எடுப்பதில்லை. உன் தங்கை வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டேன். "அக்கா பேச மாட்டாங்களாம் அங்கிள். சொல்ல வேண்டியத எழுத்துல குடுக்கச் சொன்னாங்க" என்றாள். எழுத்தே தெரியாதவனிடம் எழுத்தில் கேட்கிறாய். தெரிந்துதான் கேட்டிருப்பாய். இருக்கட்டும். மாதவி தடிகாவில் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுப்பவள். நான் பேசுவதை ஒழுங்கான தமிழாக்கி எழுதுகிறாள். கெட்ட வார்த்தை வந்தால் விட்டுவிடுவாளாம். அதனால் கடிதம் கொஞ்சம் சின்னதாகத்தான் வரும்.

கை எப்படி இருக்கிறது? உடம்பு பிடித்துவிட்டுப் பிழைக்கிறவளுக்கு வலது மணிக்கட்டு முறிந்தால் என்னவென்று எனக்குத் தெரியாதா? கால் போனவனுக்குத் தெரியும். பிரிக்ஃபீல்ட்ஸில் உன் தோழி பவுனம்மாள் அறையில் தங்கியிருக்கிறாய் என்றும், இனி கிள்ளான் பக்கமே வரமாட்டாய் என்றும் சொல்கிறார்கள். என்மேல் கோபம் என்றால் என்னைத் திட்டு. ஊரை விட்டு ஏன் போனாய்?

நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு ஞாபகம் பிசகாது. போன மாதம் ஒரு சனிக்கிழமை நம் பிளாட் தோட்டமான கெபுனில் கோத்தோங் ரோயோங், எல்லாரும் கூடி வேலை செய்யும் நாள். காய்கறிப் பாத்திகளுக்கும் நடைபாதைக்கும் நடுவில் பதித்திருந்த விளிம்புக் கற்களைப் பிடுங்கச் சொன்னவன் நான்தான். வாலிப காலம் முழுக்க ரோட்டோரத்தில் அந்த மாதிரிக் கல் பதித்தவன், நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய சுவர் என்று பார்த்தேன். முன்சக்கரம் முட்டி நின்றுவிடும். ஒரு கத்தரிக்காயைக்கூட நான் தொட முடியாது. பிளாட்டுக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து மத்தியானத்துக்குள் பிடுங்கிவிட்டார்கள். நான் நடையில் உருண்டு போனதைக் கமிட்டித் தலைவர் மெய்யப்பன் படம் பிடித்தார். "இனிமே நம்ம கெபுன் ஓகேயுவுக்கு ரெடி!" என்று மைக்கில் சொன்னார்; உடல் ஊனமுள்ள நம் மாதிரி ஆட்களுக்கு அரசாங்கம் வைத்த பேர்தான் ஓகேயு. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

மறுநாள் காலையில் நீ சமையல் கழிவு வாளியோடு வந்தாய். கண் தெரியாத உனக்கு அந்தக் கல்தான் வழி; எப்போதும் போலக் கோலால் தட்டிக்கொண்டே போகலாம் என்று வந்தாய். கல் இல்லை. நேராகப் போய் மழைநீர்க் குழியில் விழுந்தாய். அந்தக் குழி நீ சொல்லி வெட்டியது. இரண்டாயிரத்து இருபத்தொன்றில் வெள்ளம் வந்து கீழ்வீடுகள் மூழ்கிய பிறகு, மழைத் தண்ணீர் கால்வாய்க்கு ஓடாமல் மண்ணுக்குள் இறங்கட்டும் என்று நீதான் கமிட்டியில் கேட்டு வாங்கினாய். அன்று கரண்ட் போன மாடிப்படியில் நாங்கள் எல்லாரும் தடுமாற, எங்களைக் கைபிடித்து மேலே ஏற்றியவள் நீ. நான் மறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நீ கத்தினாய்: "உங்க ஒரு ஆளு சக்கரம் போறதுக்கு என் வழியப் பிடுங்கிட்டீங்களே அண்ணே!" அந்த வார்த்தை இன்னும் காதில் கிடக்கிறது.

அதற்குத்தான் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். போன கூட்டத்தில் உனக்காக நானே எழுந்து பேசினேன். எழுந்து என்றால், கையைத் தூக்கி. கெபுன் வாசல் பக்கத்திலேயே உன் மாதிரி ஆட்களுக்கு ஒரு வாசனைத் தோட்டம். துளசி, புதினா, ஓமவல்லி, பாண்டான் இலை. ஒரு பெஞ்சும் போடுகிறார்கள். குழிப் பக்கம் நீ போகவே வேண்டியதில்லை. சந்தோஷம்தானே? திரும்பி வா.

சின்னையா


பிரிக்ஃபீல்ட்ஸ்
22 செப்டம்பர் 2024

திரு. சின்னையா அவர்களுக்கு,

கட்டுப் போட்ட கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு இடது கையால் தட்டுகிறேன். ஒவ்வொரு எழுத்தையும் கணினி வாய்விட்டுச் சொல்கிறது. உங்கள் கடிதத்தைப் போனில் படம் எடுத்தேன், அது படித்துக் காட்டியது. அதன் குரலில் உங்கள் கோபம்கூட வங்கி விளம்பரம் போலத்தான் கேட்டது. போனில் பேசினால் நீங்கள் என்னை ஒரு வாக்கியம் முடிக்க விடமாட்டீர்கள். எழுத்து என்றால் முடிக்கலாம். அதுதான் காரணம். உங்களை அவமானப்படுத்த இல்லை.

கல்லைப் பிடுங்கியதற்கு எனக்குக் கோபம் இல்லை. அது உங்களுக்கு வேண்டும். பிடுங்கியதை ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் மெய்யப்பன் சார் லிஃப்ட் அருகில் என்னைப் பார்த்தார், "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார், போய்விட்டார். நீங்கள் என் வீட்டு வாசலைத் தாண்டித்தான் உங்கள் வீட்டுக்குப் போனீர்கள். சக்கரச் சத்தம் எனக்குக் கேட்டது. "தங்கச்சி, நாளைக்குக் கல்லு இருக்காது" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

வாசனைத் தோட்டம் பற்றி. எனக்கு மூக்கு மட்டும்தான் இருக்கிறது என்று கூட்டத்தில் முடிவாகிவிட்டதா? நான் கெபுனுக்கு வருவது உரக்குவியலுக்காக. பிளாட் முழுவதின் சமையல் கழிவும் அங்கே வருகிறது. குப்பை லோரியில் ஏறிப் போய் எங்கேயோ கிடந்து நாறாமல், மண்ணாகிறது. கையை உள்ளே விட்டால் சூடு தெரியும். அதைக் கிளறுவது என் வேலை. நானே கேட்டு வாங்கிய வேலை. பெஞ்சில் உட்கார்ந்து துளசியை மோந்துகொண்டிருக்க நான் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ரயில் ஏறி வரமாட்டேன்.

இன்னொன்று. வெள்ளத்தன்று படி ஏற்றிய கதையை இனி யாரிடமும் சொல்லாதீர்கள். எனக்கு எல்லா நாளும் கரண்ட் இல்லாத நாள்தான். அதில் அதிசயம் எதுவும் இல்லை. அந்தக் கதையைக் கேட்டுக் கைதட்டினவர்களில் ஒருவர்கூட கல்லைப் பிடுங்குமுன் என்னை நினைக்கவில்லை.

லோகேஸ்வரி


கிள்ளான்
29 செப்டம்பர் 2024

திரு. சின்னையா சொல்வது.

மாதவி உன் கடிதத்தைப் படித்ததும் முதல் வரியிலேயே நிறுத்தச் சொன்னேன். திரு.வா? என் கல்யாணப் பத்திரிகையில்கூட யாரும் எனக்குத் திரு. போட்டதில்லை. பாங்கில் போடுவார்கள், கோர்ட்டில் போடுவார்கள். பத்து வருசமாக அண்ணே அண்ணே என்று கூப்பிட்டது எங்கே போயிற்று?

(மாமா இங்கே சொன்ன இரண்டு வார்த்தைகளை எழுதவில்லை. - மாதவி)

சொல்லாமல் விட்டது தப்பு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீ கயிறு கட்டினாயே, அதை யாரிடம் சொல்லிக் கட்டினாய்? தைப்பூசத்துக்கு மறுவாரம். நாங்கள் பத்துமலை போய் வந்த அலுப்பு தீருமுன் கெபுன் முழுக்க இடுப்பு உயரத்தில் கயிறு. முடிச்சைத் தடவினால் உனக்கு இடம் தெரியும். நல்ல யோசனைதான். உனக்கு இடுப்பு உயரம் என்றால் நாற்காலியில் இருக்கிறவனுக்கு அது எந்த உயரம்? கழுத்து. நான் குனிந்து போய்த் தக்காளிப் பாத்தி அருகில் மாட்டிக்கொண்டேன். முன்னாலும் போக முடியாமல், பின்னாலும் வர முடியாமல், தூக்கில் தொங்குகிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். பிளாட்டே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய? மறுநாள் கயிற்றை அவிழ்க்கச் சொன்னேன். அன்றே மனதில் வைத்துக்கொண்டாய் போல.

இன்னும் கேள். சக்கரை வியாதியில் என் கால் போன பிறகு கெபுனில் எனக்கு என்ன கொடுத்தார்கள் தெரியுமா? வாசலில் இரண்டு சட்டி. "அங்கிள், நீங்க இங்கயே ஒக்காந்து மிளகா வச்சிக்குங்க. உள்ள சேறு, ஒங்களுக்கு எதுக்குக் கஷ்டம்?" அன்பாகத்தான் சொன்னார்கள். உள்ளே எல்லாரும் மண்ணைக் கொத்திப் பேசிச் சிரிப்பார்கள். நான் வாசலில் இரண்டு மிளகாய்ச் செடிக்குக் காவல். முருகன் கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் இருக்கிறவன் மாதிரி. எவ்வளவு நாள்தான் பொறுப்பது? அதனால்தான் கல்லைப் பிடுங்கச் சொன்னேன்.

வாசனைத் தோட்டம் வேண்டாம் என்றால் போ. உனக்கு நல்லது நினைத்தது என் தப்பு.

சின்னையா


பிரிக்ஃபீல்ட்ஸ்
6 அக்டோபர் 2024

அண்ணே,

கயிறு விஷயம் உண்மை. நீங்கள் மாட்டிக்கொண்டதை என் தங்கை வந்து சொன்னபோது நானும் சிரித்தேன். கழுத்து உயரம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் உங்களை நான் ஒருநாளும் தொட்டுப் பார்த்ததில்லை. குரல் எப்போதும் போல உரக்கத்தான் வரும். அதனால் என் கணக்கில் நீங்கள் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தீர்கள்.

உங்கள் கடிதத்தில் சட்டி பற்றிச் சொன்ன இடத்தை மாதவியை மறுபடி படிக்கச் சொல்லுங்கள். வாசலில் இரண்டு சட்டி, உள்ளே போகாதே, உனக்கு எதற்குக் கஷ்டம். பிறகு நீங்கள் எனக்குச் செய்த ஏற்பாட்டைப் படிக்கச் சொல்லுங்கள். வாசலில் நாலு செடி, ஒரு பெஞ்சு, குழிப் பக்கம் நீ போகவே வேண்டியதில்லை.

வேறு ஒன்றும் நான் எழுத வேண்டியதில்லை.

கட்டுப் பிரித்துவிட்டார்கள். விரல் மடங்குகிறது, அழுத்தம் இல்லை. பழைய வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். தோளைப் பிடித்துவிட்டேன். "இன்னிக்குப் பூனை நடக்கிற மாதிரி இருக்கே அக்கா" என்றார். சிரித்தேன். அவர் போன பிறகு சிரிக்கவில்லை.

லோகேஸ்வரி


கிள்ளான்
20 அக்டோபர் 2024

தங்கச்சிக்கு,

மாதவி இரண்டையும் படித்தாள். நான் இரண்டு நாள் கெபுன் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள், நேரில் போய்ச் சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் சொல்லக்கூடாது என்று கிளம்பினேன்.

மாதவி லீவு போட்டுக் கூட வந்தாள். கொமுட்டர் ரயிலில் ஏற ஒரு மலாய்க்காரத் தம்பி நாற்காலியோடு தூக்கிவிட்டான். பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கினால், நடைபாதையில் உங்கள் ஆட்களுக்குப் போட்டிருக்கும் மஞ்சள் ஓடு. மேடு மேடாக. அதன்மேல் சக்கரம் ஏறியதும் பல்லெல்லாம் ஆடியது. இதை எந்த மடையன் போட்டான் என்று வாய்வரை வந்துவிட்டது. அப்போதுதான் எதிரே ஒருவர் கோலால் அந்த மேட்டைத் தடவிக்கொண்டே வந்தார். வேகமாக, வீட்டுக்குள் நடப்பது மாதிரி. நான் ஒதுங்கினேன். கொஞ்ச தூரத்தில் அந்த மஞ்சள் ஓட்டின்மேல் ஒருத்தன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ரொட்டிச் சானாய் வாங்கிக்கொண்டிருந்தான்.

"தம்பி, வண்டிய எடு."

"அஞ்சு நிமிஷம்லா அங்கிள்."

"அஞ்சு நிமிஷத்துல ஒரு ஆளு பல்லு போயிரும்லா. எடு."

"ஒங்க சக்கரம் போறதுக்குத்தான் எடமிருக்கே அங்கிள்?"

"எனக்கு இருக்கு. அவருக்கு எங்க இருக்கு?"

முணுமுணுத்துக்கொண்டே எடுத்தான்.

நீ வேலை செய்யும் இடம் முதல் மாடியாம். குறுகலான படி, லிஃப்ட் இல்லை. மாதவி மேலே வந்து கேட்டாள். நீ வேலையாக இருக்கிறாய் என்றார்கள். கீழே பூக்கடைக்கார அம்மா நாற்காலி நிழலில் நிற்க இடம் கொடுத்தார். வெயில் நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். நீ வரவில்லை. உன் குவியலிலிருந்து மாதவி அள்ளிய எரு ஒரு பையில் கொண்டுவந்திருந்தேன். பூக்கடையில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டோம். குவியலுக்கு நான் இதுவரை போனதே இல்லை. கல் போன பிறகும் குழியைச் சுற்றிப் போகும் வழி சேறுதான்.

இன்னொரு செய்தி. கெபுன் முழுக்க சிமெண்ட் நடை போடப்போகிறார்கள். மழை பிடிக்குமுன் முடிக்க வேண்டுமாம். நடை குழிக்கு முன்னாலேயே முடிகிறது. உன் கோலுக்கு ஒன்றும் இல்லை. ஓகேயு பிரதிநிதி சம்மதிக்க வேண்டும் என்று மெய்யப்பன் தாளைக் கொண்டுவந்து மையை நீட்டினார். நான் கையை மடக்கிக்கொண்டேன். "அங்கிள், இத விட்டா அடுத்த வருசம்தான். இந்த மழைக்கு நீங்க வீட்டுலதான் ஒக்காந்திருக்கணும்" என்றார். உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். "லோகேஸ்வரி வராத கெபுன் எனக்கும் வேணாம்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். பிளாட் முழுக்க இப்போது என்மேல் கோபம்.

சின்னையா


பிரிக்ஃபீல்ட்ஸ்
27 அக்டோபர் 2024

அண்ணே,

நான் வேலையாக இல்லை. உடம்பு பிடிக்கும் மேசையில் ஆள் இல்லை. ஜன்னல் திறந்திருந்தது. நீங்கள் அந்த மோட்டார் சைக்கிள்காரனோடு சண்டை போட்டது முழுக்கக் கேட்டது. பவுனம்மாள், "ஒன் அண்ணன்தான்டி, எறங்கிப் போ" என்றாள். நான் போகவில்லை. படி எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டே இறங்குவேன் என்று நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனாலும் இறங்கவில்லை. நான் இறங்கி வந்தால் நீங்கள் மன்னிப்புக் கேட்பீர்கள், நான் பரவாயில்லை என்பேன், இருவரும் டீ குடிப்போம், சிமெண்ட் அப்படியே போடப்படும். அந்த டீ எனக்கு வேண்டாமாயிருந்தது.

இப்போது உங்கள் தியாகம். யார் கேட்டார்கள் அதை? என் பெயரைச் சொல்லி நடையை நிறுத்தினீர்கள். என்னிடம் கேட்டீர்களா? முன்பு என்னைக் கேட்காமல் கல்லைப் பிடுங்கினீர்கள். இப்போது என்னைக் கேட்காமல் சிமெண்ட்டை நிறுத்துகிறீர்கள். என் தங்கை போன் பண்ணி அழுகிறாள், "ஒன்னாலதான் நடை வரலன்னு பேசுறாங்க அக்கா" என்று. நீங்கள் மழைக்காலம் முழுக்க வீட்டில் அடைந்து கிடந்தால் எனக்கு என்ன கிடைக்கும்? ஒருவருக்குப் பதிலாக இரண்டு பேர் வெளியே. அவ்வளவுதான் லாபம்.

எரு வந்தது. பையைத் திறந்ததும் புளிப்பு. கையால் பிசைந்தேன், களி மாதிரி ஒட்டியது. நான் போன பிறகு யாரும் கிளறவே இல்லை, கழிவை மட்டும் கொட்டிக்கொண்டே இருக்கிறார்கள். இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் பிளாட்டுக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு லோரியையே கூப்பிடுவார்கள். அதுவும் சாகும்.

அதனால் வருகிறேன். தீபாவளி கழித்து, நவம்பர் பத்து, ஞாயிறு காலை. நிபந்தனைகள் உண்டு. ஸ்டேஷனுக்கு யாரும் வரக்கூடாது. கெபுனில் யாரும் என் கையைப் பிடிக்கக்கூடாது. வாசலிலிருந்து குவியல் வரை நான் கோலோடு நடப்பேன், நீங்கள் நாற்காலியில் வாருங்கள். குழிக்கு மட்டும் தடுப்பு வையுங்கள், மறுபடி எலும்பு முறிக்க எனக்கு ஆசை இல்லை. நான் எங்கே தடுமாறுகிறேனோ, உங்கள் சக்கரம் எங்கே நிற்கிறதோ, அங்கெல்லாம் மெய்யப்பன் சார் கோலமாவு போட்டு அடையாளம் வைக்கட்டும். போய்ச் சேரும்வரை நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது. உங்கள் குரல் கேட்டால் நான் அதைப் பிடித்துக்கொண்டே நடந்துவிடுவேன். அது வழி ஆகாது.

லோகேஸ்வரி


கிள்ளான்
12 நவம்பர் 2024

தங்கச்சிக்கு,

வாயைத் திறக்கக்கூடாது என்றாய். நீ மேலே விழுந்த ஒரு தடவை தவிரத் திறக்கவில்லை. அதனால் அன்று உள்ளே அமுக்கி வைத்ததையெல்லாம் இதில் சொல்லிவிடுகிறேன்.

நீ வாசலில் வந்து நின்றதும் உன் கையைப் பார்த்தேன். மெலிந்திருக்கிறது. இதைச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. சொல்லவில்லை.

கத்தரிப் பாத்தி முனையில் நீ வலது பக்கம் ஒதுங்கினாய். நான் வருவது உனக்குத் தெரியும் என்று நினைத்தேன். சேற்றில் சக்கரம் சத்தம் போடாது என்பது எனக்கு எப்படித் தெரியும்? நீ வந்து என் மடியிலேயே விழுந்தாய்.

"யாரு அது?"

"நான்தான்."

"பேசக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"மேல விழுந்தா கத்தாம என்னம்மா செய்யிறது?"

மெய்யப்பன் சிரித்துச் சிரித்துக் கோலமாவைத் தன் காலிலேயே கொட்டிக்கொண்டார். அந்த மனுசன் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பிறகு அவரே, "அப்போ இங்க ரெண்டு பேரும் எதிரெதிர வந்தா விலக எடம் வேணும்" என்று பெரிய வட்டமாகப் போட்டார். எந்த பிளானிலும் அது இல்லை என்றார்.

குழி ஓரத்தில் நீ நின்றுவிட்டாய். கோலைத் தூக்கவே இல்லை. உன் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். வா என்று சொல்ல நாக்குத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்புறம் நீ இடது பக்கம் ஒரு எட்டு வைத்தாய், காலடியில் நறநற என்றது. கடல் சாப்பாட்டுக் கடைக்காரன் உரத்துக்கு என்று கொட்டிவிட்டுப் போன கெராங் சிப்பி ஓடு. நீ கோலால் தட்டினாய். நறநற. இன்னும் தள்ளித் தட்டினாய். உன் முகம் மாறியதை நீ பார்த்திருக்க முடியாது, நான் பார்த்தேன். அந்த ஓட்டைப் பிடித்துக்கொண்டே நீ குவியல்வரை போய்விட்டாய். நான் பின்னாலேயே அதன்மேல் ஏறிப் பார்த்தேன். கொஞ்சம் உலுக்கியது. நிற்கவில்லை.

குவியலில் நீ கையை விட்டபோது நான் சேற்றில் இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். சக்கரம் பாதிக்குமேல் புதைந்திருந்தது. அதையும் சொல்லவில்லை. நீ திரும்பி, "அண்ணே, வந்துட்டீங்களா?" என்றாய். வந்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நீ ரயிலேறிய பிறகு மெய்யப்பன் எஞ்சினியரைக் கூப்பிட்டுப் பேசினார். சிமெண்ட் வேண்டாம், கல்தூளைக் கொட்டி இறுக்கினால் சக்கரம் போகும், மழையும் உள்ளே இறங்கும் என்கிறார்கள். அதன் ஓரத்தில் நொறுக்கிய சிப்பி ஓடு ஒரு முழ அகலத்துக்கு. குழியைச் சுற்றி எலுமிச்சை வாசனை வரும் செராய்ப் புல். உனக்குச் சம்மதமா? இந்தத் தடவை கேட்டுவிட்டேன்.

சின்னையா


பிரிக்ஃபீல்ட்ஸ்
20 நவம்பர் 2024

அண்ணே,

பொய் சொன்னது எனக்கு அப்போதே தெரியும். உங்கள் குரல் தூரத்திலிருந்து வந்தது.

கல்தூள் சம்மதம். சிப்பி ஓடு சம்மதம். ஓடு நடையின் ஒரு பக்கம் மட்டும் இருக்கட்டும், நீங்கள் பாத்தியை நெருங்க மறுபக்கம் வேண்டும். செராய்ப் புல் சரி, ஆனால் அது வளரும்வரை வெறும் புல்லை நம்ப மாட்டேன். மூங்கில் தடுப்பு வேண்டும். குவியல் அருகே நாற்காலி திரும்புகிற அளவுக்கு இடம் விடச் சொல்லுங்கள். மண்வெட்டியை அழுத்திப் பிடிக்க என் கைக்கு இன்னும் பலமில்லை. உங்களுக்குக் கையில் பலம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சூடு பார்த்துச் சொல்கிறேன், நீங்கள் கிளறுங்கள். இது உதவி கேட்பது இல்லை. வேலைக்கு ஆள் எடுப்பது.

மெய்யப்பன் சார் போன் பண்ணினார். "அப்போ ஓகேயு விஷயம் செட்டில்தானே?" என்றார். இல்லை என்றேன். எனக்கும் உங்களுக்கும்தான் இப்போது செட்டில். பிளாட்டில் வேறு யார் வாசலோடு நிற்கிறார்கள் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உங்களுக்கு எல்லார் கதையும் ஞாபகம் இருக்குமே, யோசித்துப் பாருங்கள்.

லோகேஸ்வரி


கிள்ளான்
8 டிசம்பர் 2024

தங்கச்சிக்கு,

நடை முடிந்துவிட்டது. முந்தாநாள் மழை, தெரு முழுக்கத் தண்ணீர் நின்றது, கெபுனில் நிற்கவில்லை. இன்று காலை யாரும் தள்ளாமல் வாசலிலிருந்து குவியல்வரை போனேன். குவியலில் கையை விட்டேன். சூடாகத்தான் இருந்தது. நீ சொன்ன சூடா, இன்னும் வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆவி வந்தது. நான் கொஞ்ச நேரம் கையை எடுக்கவே இல்லை. மாதவி அழுதீர்களா என்று கேட்கிறாள், இல்லை.

(அழுதார். - மாதவி)

யோசித்துப் பார் என்றாய். நான் யோசிக்குமுன் ஆள் வந்துவிட்டது. பி பிளாக் கோமதியின் மகள் தாமரையை உனக்குத் தெரியும். வளர்ந்த பெண், பேச்சு வராது, சத்தம் ஆகாது. ஆள் இல்லாத விடியலில் அம்மாவோடு வந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவாள். இத்தனை வருசமாக வருகிறாள், ஒரு கூட்டத்திலும் அவள் பெயர் வந்ததில்லை. இன்று நான் போனபோது அவள் தக்காளிப் பாத்தியில் இருந்தாள். என் சக்கரம் ஒரு ஓரமாக ஏறிச் சிப்பி ஓட்டை நொறுக்கியதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறினாள். கோமதி ஓடி வந்து, "மன்னிச்சிருங்க அங்கிள், நாங்க இனிமே வரல. ஒங்களுக்காகக் கஷ்டப்பட்டுப் போட்ட வழி" என்றாள். உன் ஓடு, தங்கச்சி. நாம் இருவரும் கேட்டுப் போட்டது. ஒரு பெண்ணை வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டது.

"நீ எதுக்கும்மா மன்னிப்புக் கேக்குற? போகாத, நில்லு" என்றேன். மகளிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. பேச்சு வராத பெண்ணிடம் நான் என்ன பேச? நான் வாயை மூடிக்கொண்டு அசையாமல் இருந்தேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். வெகுநேரம் கழித்துக் காதிலிருந்து கையை எடுத்தாள். ஓட்டைப் பார்த்தாள், என் சக்கரத்தைப் பார்த்தாள். பிறகு ரப்பர்க் குழாயை இழுத்துக்கொண்டு வந்து ஓட்டின்மேல் தண்ணீர் அடித்தாள், நன்றாக ஊறும்வரை. என் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினாள். போ என்று அர்த்தம். போனேன். நறநற இல்லை. மெதுவாக, சோற்றில் உமி கிடந்து கடிபடுவது மாதிரி ஒரு சத்தம். அவள் காதைப் பொத்தவில்லை.

மெய்யப்பனுக்கு ஒரே சந்தோஷம். "அப்போ டெய்லி காலைல தண்ணி அடிச்சிட்டா முடிஞ்சிச்சி" என்றார். முடியவில்லை என்றேன். நனைந்த ஓடு உன் கோலுக்குக் கேட்குமா? சத்தம் இல்லாமல் கையில் படும் தடிப்பு மட்டும் உனக்குப் போதுமா? என்னால் கண்ணை மூடிக்கொண்டு தட்டிப் பார்க்க முடியும். பார்க்கவும் செய்தேன். எனக்குத் தெரிந்தது. ஆனால் அது என் கண், நினைத்தால் திறந்துகொள்ளும். அதனால் நான் பதில் சொல்ல மாட்டேன்.

ஞாயிறு விடியலில் தாமரை இருக்கும்போதே வந்துவிடு. முதல் கொமுட்டர் பிடி. அவள் தண்ணீர் அடிக்கட்டும், நீ நட. கோமதியிடம் சொல்லிவிட்டேன், வருகிறார்கள். உனக்குக் கேட்கவில்லை என்றால் சொல், மறுபடி பிடுங்குவோம்.

சின்னையா